கிணுகிணுக்காத கிளாஸ்கள்

கிளாஸ் உடைந்தபோது அம்புரோஸ் ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

தவக்காலம். சாம்பல் புதனன்று மாமனார் வாலண்டைன் கோயில் வாசலில் வைத்தே சொல்லியிருந்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொட்டீங்கன்னு தெரிஞ்சா, என் மக பெர்னடெட்ட கிள்ளான்ல நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன் மாப்ள."

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வருவார். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த ரேடியோ பெட்டியின் பக்கத்து மூடியைத் தூக்குவார். கலர் டிவி வந்ததிலிருந்து ரேடியோ பாடுவதில்லை. ஆனால் மூடியைத் தூக்கினால் உள்ளே விளக்கு எரியும். தங்க விளிம்பு வைத்த ஆறு கிளாஸ்கள் வளையங்களில் நின்றபடி மேலே எழும்பும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்.

இப்போது ஐந்து.

அப்படிப்பட்ட பெட்டிகளுக்குச் சாமான் வைத்திருந்தவர் பக்கிரிசாமி ஒருவர்தான். கடை கிள்ளானில். அம்புரோஸ் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

"மாதிரி கொண்டாந்தீங்களா பாஸ்?"

கொடுத்தான். பக்கிரிசாமி அடிப்பாகத்தைத் தடவினார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். தங்கம் உதிர்ந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க!"

"ஒரிஜினல்னா சூளையில சுட்ட தங்கம் லா. கத்தியால சுரண்டினாலும் வராது. அடியில நட்சத்திரம் வெட்டியிருக்கும். இது பாசார் மாலாம் சரக்கு, ராத்திரிச் சந்தையில விக்கிறது."

"அப்ப மத்த நாலு?"

"கொண்டாங்க, பார்ப்போம்."

மறுநாள் கொண்டுபோனான். நான்கையும் சுரண்டிப் பார்த்தார்.

"எல்லாம் டூப்பு."

ஐந்தும் மொட்டையாக நின்றன. அம்புரோஸ் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மாமா கொடுத்தது ஒரிஜினல்ண்ணே. கல்யாணத்துக்கு வந்தவங்க கிட்டயெல்லாம் எடுத்துக் காட்டினாரு. நான்தான் மாத்தி வித்துக் குடிச்சிட்டேன்னு சொல்வாரு."

"சொல்லுவாருதான்."

"ஒரிஜினல் செட் கிடைக்குமா?"

பக்கிரிசாமி சுவர்க் காலண்டரைப் பார்த்தார். ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு அவர் பார்வை இறங்கி அம்புரோஸின் மணிக்கட்டில் நின்றது. கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்ட கடிகாரம்.

கழற்றிக் கொடுத்தான். ஆறு கிளாஸ் வந்தது.

கடிகாரம் இருந்த இடத்தில் வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் பேண்டேஜ் சுற்றிக்கொண்டான்.

"என்னங்க கையில?" என்றாள் பெர்னடெட்.

"ஆபீஸ் படியில விழுந்துட்டேன்."

"அவுருங்க, தைலம் போடறேன்."

"அவுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வாட்ச் எங்க?"

"அதுவும் விழுந்துச்சு."

அப்போது ரயில் போனது. வீடு அதிர்ந்தது. பெர்னடெட் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கிளாஸ் ஏன் சத்தம் போடல?"

இத்தனை வருடமும் ரயில் போகும்போதெல்லாம் அவை வளையத்தில் ஆடிக் கிணுகிணுக்கும். ஒரிஜினல் வளையத்தில் கச்சிதமாகப் பொருந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டால் அம்புரோஸ் பெட்டியருகே போய் நின்று ஸ்பூனால் காப்பியைக் கலக்கினான். பல நேரம் கோப்பையில் காப்பி இருக்காது.

"கிறுக்கு பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

"சர்க்கரை கரையல."

பெர்னடெட் கிள்ளானுக்கு போன் போட்டாள். "அப்பா, இவரு சரியில்லப்பா. விழறாரு. கை நடுங்குது."

"குடிக்கிறாரா?"

"தெரியலப்பா."

ஈஸ்டரன்று வாலண்டைன் மனைவியோடு உள்ளே வந்தார். மனைவி சமையலறைக்குப் போனார். வாலண்டைன் உட்காரவில்லை. பேண்டேஜைப் பார்த்தார்.  நேராகப் பெட்டிக்குப் போய் மூடியைத் தூக்கினார்.

விளக்கு எரிந்தது. கிளாஸ்கள் எழும்பின. அம்புரோஸ் மனதுக்குள் ஜெபம் தொடங்கினான். பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின.

வாலண்டைன் ஒன்றை எடுத்தார். திருப்பி அடியைப் பார்த்தார். நகத்தால் விளிம்பைச் சுரண்டினார். மறுபடி சுரண்டினார். இரண்டாவதை எடுத்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"மாமா, எல்லாம் சரியா இருக்கா?"

வாலண்டைன் அடுத்த கிளாஸையும் எடுத்துத் திருப்பினார். 

சமையலறையிலிருந்து மாமியார் உர்சுலா கை துடைத்தபடி வந்தார். கணவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நட்சத்திரத்தின் ஓரத்தில் தனக்குத் தெரிந்த பழைய கீறலைப் பார்த்தார்.

"ஏங்க, தவக்காலம் முடியற வரைக்கும் கண்ணுல படக்கூடாதுன்னு பக்கிரிசாமி கிட்ட கொடுத்து வச்சீங்களே, நம்ம வீட்டு ஒரிஜினல் செட்டு, அது மாப்ள வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"