நாகம் குடியிருந்த கார்

சேந்தமங்கலத்தில் கடவுள் காருக்குள் குடியேறிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் மருதாசலத்தின் லாரி செட் வாசலில் கெங்கவல்லியிலிருந்துகூட வந்த கூட்டம். எல்லோர் கையிலும் சேவல். கார் சேவல் தின்னுமா என்று யாரும் கேட்கவில்லை. பூசாரி சின்னண்ணன் தின்பார், போதாதா?

மதராஸில் ஒரு துணைத் தூதரகம் ஏலம் விட்டபோது மருதாசலம் எடுத்த டர்போ கார் அது. பூசை போட்டுச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று, டிரைவர் பச்சமுத்து ஆக்சிலேட்டரை மிதித்துக் காலை எடுத்தான். முன்பக்கம் 'புஸ்ஸ்!' என்றது.

"நாகம்!" என்றார் சின்னண்ணன்.

அன்றோடு கார் ஓடுவதை விட்டு அருள்வாக்குக்கு வந்துவிட்டது. சீறினால் உத்தரவு. சீறாவிட்டால் தோஷம், பரிகாரம், சேவல். கரும்புகை கக்கினால் ஊர்க் கண்ணேறு கழிகிறதாம். கழிந்தது பெட்ரோல்.

மருதாசலத்தின் மகள் சௌந்திரத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா நாகத்தைக் கேட்டார். அது வாய் திறக்கவில்லை.

"போக வேண்டாஞ் சாமி," என்றார் மகளிடம். "நாகம் மூச்சு உடலையே!"

"ஏனுங்கப்பா, பச்சமுத்து காலை வெடுக்குனு எடுத்தாத்தானே அது மூச்சு உடுது?"

"வாயை மூடு."

வாயை மூடிய சௌந்திரம் கண்ணை மூடவில்லை. மெக்கானிக் குமாரசாமியைப் பிடித்துக் கேட்டாள்.

"அது வால்வு அம்மிணி. டர்போ எஞ்சினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளும். காலை எடுத்தா அதுல மிஞ்சின காத்தை வால்வு வெளியேத்தும். குழாய் மாட்டினா காத்து எஞ்சினுக்கே திரும்பிரும், சத்தமிருக்காது. மாட்டாட்டி வெளிய போயிச் சீறும், புகையும் அடிக்கும். இந்த வண்டிக்கு மாட்டறதுதாங்க சரி. பூசாரிதான் நாகத்தோட வாயைக் கட்டாதேன்னுட்டாரு. குழாய் டிக்கியில கெடக்குது, கையாலயே மாட்டிரலாம்."

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியதும் சௌந்திரம் டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"பொம்பளை ஏறினா நாகம் கோவிச்சுக்கும்!" சின்னண்ணன் அலறினார்.

"கோவிச்சாச் சீறட்டுமுங்க."

மிதித்தாள். "நாகத்தாயே, இந்தப் பூசாரி திருடனா?" வெடுக்கென்று காலை எடுத்தாள்.

'புஸ்ஸ்ஸ்!'

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழக்கம் விடுமா?

"சேவலெல்லாம் இவரு ஊட்டுக் கொழம்புக்கா?"

'புஸ்ஸ்ஸ்!'

இறங்கினாள். டிக்கியிலிருந்த குழாயை எடுத்து எல்லோர் கண்முன்னும் மாட்டினாள். "இப்ப நீங்க கேளுங்க."

"தாயே, நான் யோக்கியன்னு ஒரு வார்த்தை சொல்லு!" என்றார் சின்னண்ணன். பச்சமுத்து மிதித்தான், எடுத்தான். மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். தாய் மூச்சு விடவில்லை. புகையும் இல்லை.

கெங்கவல்லி சாலம்மாள் சேவலை இறுக்கிக்கொண்டாள். "அடப்பாவி, எம்மவ கல்யாணத்தத் தடுத்தது இந்த டிரைவர் காலா?"

சின்னண்ணன் ஓடிய வேகத்துக்கு டர்போ தேவைப்படவில்லை.

மருதாசலம் தொண்டையைக் கனைத்தார். "திங்கக்கெழமை நானே கொண்டுபோயி உடறஞ் சாமி. இதே கார்ல."

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் பயபக்தியோடு குழாய்க்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். சௌந்திரம் துணியெடுத்துத் துடைத்தாள்.

காரின் மிஞ்சிய காற்றைத் திருப்ப ஒரு குழாய் போதும். பூசாரியிடம் அடகு வைத்த மூளையை யார் திருப்புவது? அவரவர்தான் போய்க் கேட்க வேண்டும்.