புடலங்காய் வாங்காத வீடு

பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த கண்டோன்மெண்ட் பகுதியில், பாதிப் பேருக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் தெரிந்திருந்தால், அதற்கு ஒரே காரணம் ‘பூர்வீகம்’ டெய்லர்தான். மீதிப் பாதிப் பேர் அவரைக் கண்டதும் வேறு தெருவில் திரும்பி ஓடியவர்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். இஞ்சு டேப்பைத் தோளில் வைப்பார். வாயில் கேள்வி வந்துவிடும்.

“கையத் தூக்கு தம்பி. உங்க பாட்டனாரு எந்த ஊரு?”

அந்தத் தீபாவளிக்கு எனக்கு வந்த சட்டையில் ஒரு கை விரல் நுனியை மூடியது, மறு கை முழங்கையோடு நின்றது. சண்டை போடப் போனேன்.

“சட்ட கெடக்குது! உங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்கு மாட்டுவண்டி ஓட்டினவரு. தெரியுமா ஒனக்கு?”

தெரியாது. பெருமை தாங்காமல் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனேன்.

அப்படிப்பட்டவரிடம் எங்கள் வீட்டுக் கஷ்டமும் போய்ச் சேர்ந்தது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தான். ‘முதல் முடி குலசாமிக்கு’ என்று என் மனைவி கன்னியம்மா வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். ஆனால் குலசாமி எது? என் அப்பாவும் அம்மாவும் ‘நம்ம சாமி’ என்று சொல்வார்களே தவிர, பெயரும் ஊரும் சொல்லாமலே போய்விட்டார்கள். பையனுக்கு இரட்டை ஜடை போடும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், “பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கட்டடம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

“பேசாம முருகன் கோயில்லயே எறக்கிடலாமே” என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஒரு சாமிக்கு நேர்ந்ததை இன்னொரு சாமிக்குக் கொடுப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. கன்னியம்மா தினமும் ஜடை பின்னிக்கொண்டே அழுதாள்.

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கே வந்தார். “உங்க வூட்ல எத சமைக்கக்கூடாது? அதச் சொல்லும்மா. சாமி அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.”

“கத்தரிக்கா சமைக்கிறதில்லண்ணே.”

“ஆங்! எத்தன தலமொறையா?”

“எனக்கு அரிக்கும்ண்ணே.”

சோர்ந்து போனார். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. புடலங்காயை அம்மா வாசற்படி தாண்ட விடமாட்டாள். தெரியாமல் வந்துவிட்டால் பையையே அலசிப் போடுவாள்.

அவ்வளவுதான். மறுநாள் முதல் டெய்லர் மார்க்கெட்டில் புடலங்காய்க் கடை எதிரே நின்றுவிட்டார். வாங்காமல் போகிற பெண்களையெல்லாம் மறித்து, “ஏம்மா வேணாங்கற? பிடிக்காதா, ஆகாதா?” என்று கேட்டார். ஒரு கன்னடக்கார அம்மாள், “நின்கேனு ஆகபேக்கு?”, உனக்கென்ன வேணும், என்று முறத்தை ஓங்கினாள். கடைக்காரன், “யாவாரத்தையே கெடுத்துட்டாரு இந்த ஆளு!” என்று இன்னொரு பக்கம் அழுதான்.

ஒரு நாள் ஓர் அம்மாள் புடலங்காயைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். இவர் விடுவாரா? பின்னாலேயே பஸ் ஏறி அடுகோடி வரை போய்விட்டார். அந்த அம்மாள், “ஐயோ, திருடன்!” என்று கத்த, பட்டறையிலிருந்து அவள் புருஷன் சுத்தியலோடு ஓடிவந்து சட்டையைப் பிடித்தார்.

“யார்றா நீ?”

“அடிக்கறத அப்புறமா அடி! உங்க வூட்ல ஏன் புடலங்கா வாங்கல?”

“எங்க குலசாமிக்கு ஆகாது. ஒனக்கென்ன?”

டெய்லர் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாராம்!

கிழிந்த காலரோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். “ஆரணிக்கு அந்தாண்ட, ஏரிக்கரப் பச்சையம்மன்! அவங்க வம்சத்துல ஒருத்தன் பட்டாளத்து வண்டியோட பெங்களூர் போனான், திரும்பலயாம்! அவங்க தேடிக்கிட்டிருந்த பங்காளி நீதாண்டா தம்பி!”

முடியிறக்க டெய்லரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போய் இறங்கியபோது, ஊரே ஏரிக்கரையில் காத்திருந்தது. கொள்ளை நடந்த காலத்தில் எங்கள் குலத்துக் குழந்தையை அம்மன் புடலைப் பந்தலுக்குள் ஒளித்துக் காப்பாற்றினாளாம்; அன்றிலிருந்து எங்கள் குலம் புடலங்காயைச் சமைப்பதில்லையாம். பூசாரி சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முகம் தெரியாத பெரியப்பா, சித்தப்பாக்கள் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

வரும் வழியில், “உங்க பூர்வீகம் எதுண்ணே?” என்று நான் கேட்டிருந்தேன். “பிளேக் வந்தப்போ யாரோ எடுத்து வளத்தாங்க தம்பி. அதுக்கு மேல நூல் அறுந்துபோச்சு” என்று சிரித்தார்.

நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டு, “தாய்மாமன் மடியில புள்ளய வெய்யுங்க” என்றார். கன்னியம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் நேராகப் போய் மனைப்பலகையை டெய்லர் முன்னால் போட்டாள்.

“உக்காருண்ணே. நேரமாவுது.”

 டெய்லர் பிள்ளையைக் கெட்டியாக அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெங்களூர் வந்து சேரும்வரை, சட்டையில் ஒட்டியிருந்த முடியை அவர் தட்டிவிடவே இல்லை.