நாடிக்காரர் எழுப்பிய மலை

அந்த நாளில் மைசூரில் கையோ காலோ உள்ள எந்த உயிரும் நாடிக்காரரிடமிருந்து தப்பியதில்லை. பாம்புகள் மட்டும் தப்பின. அவற்றுக்கும் அவர் வழி தேடிக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளைகளே, நம் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வந்த புதிதில் நான் ஒரு கல்லூரியின் உடலியல் கூடத்தில் அட்டெண்டர். எட்டாவது வரை படித்தவன். நாடிக்காரர் அங்கே மாணவர். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மனித உடம்பும் மிருக உடம்பும் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் பாடம். மற்றவர்கள் அதைப் புத்தகத்தில் படித்தார்கள். இவர் தேவராஜ மார்க்கெட்டில் படித்தார்.

ஜட்கா வண்டிக் குதிரைக்குத் தாடையின் அடியில் விரல் வைத்து நாடி எண்ணுவார். மாட்டுக்கு வால் அடியில். வெற்றிலை விற்கிற அம்மாவின் கையை வாங்கி, "ஏனுங்கம்மா, தொண்ணூத்தாறு. காலையில யார்கூடவோ சண்டைங்களா?" என்பார். அந்த அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு மருமகளைப் பற்றி அரைமணி நேரம் சொல்வாள். கோழிக்காரர் மட்டும் இவரைக் கண்டதும் கூடையை மூடிவிடுவார். ஒருநாள் இவர் கோழியின் நெஞ்சில் காதை வைத்து எண்ணியதைப் பார்த்து, கோழிக்குச் சீக்கு என்று வாங்க வந்தவர்கள் போய்விட்டார்களாம்.

இப்படிப்பட்டவர் செய்முறைப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார்.

பரீட்சை இதுதான். உயிர் போன தவளையின் கால் தசைக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கும். எதிரே சுற்றும் உருளையில் கரிப்புகை ஏற்றிய தாள் இருக்கும். தசை இழுக்க இழுக்க ஒரு ஊசி அந்தக் கரியில் மேடு மாதிரி வெள்ளைக் கோடு போடும். புகை ஏற்றுவது என் வேலை. வார்னிஷ் பூசும் வரை தாளைத் தொட்டால் எல்லாம் போச்சு.

முதல் தடவை நாடிக்காரரின் சட்டைக் கை பட்டு மேடு அழிந்தது. இரண்டாம் தடவை கோடு அருமையாக வந்தது. சந்தோஷத்தில் பரீட்சகரின் மணிக்கட்டைப் பிடித்து, "நூத்திப் பத்துங்க சார், உடம்பப் பாத்துக்கோங்க" என்றார். தோல்வி.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் படிப்பை விட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அன்று சட்டைக் கைகளைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். தசையை முப்பது தடவை இழுக்க வைத்து, ஒரு நல்ல மேட்டை வாங்கினார். மதராஸிலிருந்து வந்திருந்த புதுப் பரீட்சகர், "இதுதான் உச்சியா?" என்று விரல் வைத்துக் கேட்டார். உச்சி அவர் விரலோடு வந்துவிட்டது.

மூன்று பேரும் அந்தக் கரி விரலையே பார்த்தோம்.

"சரி, இன்னொண்ணு போடு" என்றார்.

நாடிக்காரர் விசையை அழுத்தினார். தசை அசையவில்லை.

"செத்துப்போச்சுப்பா. அடுத்த ஆளைக் கூப்பிடு."

"சாகலீங்க சார். அசந்திருக்குது. பத்து நிமிசம் உட்டீங்கன்னா எந்திரிக்கும்."

"எந்திரிக்கலைன்னா?"

"நானும் ஊரப் பாத்துப் போயிக்கறனுங்க."

பரீட்சகர் தன் விரலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். நாடிக்காரர் தசையின் மேல் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் புதுத் தாளுக்குப் புகை ஏற்ற ஓடினேன். அவர் பின்னாலேயே வந்து, பரீட்சகர் பார்க்கப் பார்க்க, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணா, உங்களுக்கு நூத்தி இருவது. எனக்கு எழுவத்திரண்டுதானுங்க. பரீட்ச யாருக்கு?"

"சும்னிருப்பா, தாள் தீஞ்சிடும்" என்று பாதிக் கன்னடத்தில் அவர் வாயை அடக்கினேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. விசையை அழுத்தினார். ஊசி நின்றது நின்றபடி இருந்தது. இன்னொரு தரம் அழுத்தினார். கரியின் நடுவே மெல்ல ஒரு வெள்ளை மலை எழுந்தது. பரீட்சகர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். மார்க் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து இடது கையை நீட்டினார்.

"எவ்வளவு இருக்கு?"

"எழுவத்தி நாலுங்க சார். நல்லா இருக்கீங்க."

வார்னிஷ் பூசிய அந்தத் தாள் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் பெண் அதைச் சாமுண்டி மலை என்கிறாள்.

படிப்பு முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய நாளில் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழக்கம்போல ஜன்னல் வழியே என் மணிக்கட்டைப் பிடித்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பும் வரை விடவில்லை.

"எவ்வளவுப்பா?" என்று கேட்டேன்.

"எண்ண மறந்துட்டனுங்கண்ணா" என்றார்.