மனுக்காரர் கொண்டுவந்த கிணறு

சர்க்காரிடம் கேட்டால் கிடைக்காதது எதுவுமில்லை என்று நம்பிய ஒரே ஆள், இந்தப் பூமியில் எங்கள் ஊர் மனுக்காரர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில், சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே கரட்டோரம் கிடந்த எங்கள் ஊருக்குத் தபால் வந்தால் அது அவருக்குத்தான்.

ஆடு காணாமல் போனால் மனு எழுதுவார். மழை பெய்யவில்லை என்று ஒருமுறை ஜில்லா போர்டுக்கு எழுதினார். மழை தங்கள் இலாகாவில் சேராது என்று பதில் வந்தது. அதைத் தெருத்தெருவாகக் காட்டினார்.

"இல்லேங்கதை எம்புட்டு மரியாதையாச் சொல்லியிருக்கான் பாத்தியளா" என்றார்.

ஊரில் கிணறு கிடையாது. கோடையில் ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரி எடுக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நலிந்த ஊர்களுக்குக் கிணறு வெட்ட போர்டு பணம் தருகிறது, தோண்டுகிற வேலை மட்டும் ஊராருடையது என்று கேள்விப்பட்டு மனுக்காரர் எழுதினார். கஷ்டத்தை நேரில் பார்க்க ஓவர்சியர் வருவதாகப் பதில் வந்தது.

விருந்தாளி வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? முந்தின நாளே தண்ணீர் சேர்த்து வைத்து, தெரு முழுக்கத் தெளித்துக் கோலம் போட்டார்கள். ஓவர்சியர் குளிக்க அண்டா நிறைய வெந்நீர். பிறகு கோழிக் குழம்பு. குளித்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, இவ்வூரில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

"ஏட்டி, அவருக்கு வெந்நீர் போட்டவ எவ?" என்று மனுக்காரர் கேட்டார்.

"நாந்தாண்ணே" என்றாள் என் அம்மா. "வந்த மனுசன் வேர்வையோட திரும்பிப் போனா நமக்குக் கேவலமில்லையா?"

"நல்லது. அவிய குளிச்சாச்சு. இனிமே ஊரு குளிக்க வேண்டாம்."

மறுபடி எழுதினார். விடாமல் எழுதினார். தொல்லை தாங்காமல் அடுத்த சித்திரையில் அதே ஓவர்சியர் வந்தார். இந்தத் தடவை ஒருத்தரும் உபசாரம் செய்யக் கூடாது என்று மனுக்காரரின் உத்தரவு. வீடுகளைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லாரும் ஓடைக்குப் போய்விட்டோம். செத்த நேரத்தில் மனுக்காரர் ஓவர்சியரையும் அங்கேயே கூட்டிவந்தார்.

"குடிக்கத் தண்ணி கேட்டா எங்கய்யா கொண்டாந்திருக்கீர்?" என்றார் ஓவர்சியர்.

"இதுதாய்யா எங்க தண்ணி. வரிசையில நில்லுங்க."

"என்னை முன்னால விடச் சொல்லும்."

"பிள்ளைத்தாச்சியே காத்துக்கிட்டு நிக்கா. நான் எந்த வாயால சொல்ல?"

வெயிலில் ஓவர்சியரின் தொப்பி நனைந்துவிட்டது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தன் முறை வந்ததும் கலங்கல் தண்ணீரை அவரிடம் நீட்டினாள். மனுக்காரர் மலைப் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் நின்றார். ஓவர்சியர் குடித்தார். சிரட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைத்தாய்ச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பணம் சாங்ஷன் ஆனது. ஊரே சேர்ந்து தோண்டியது. தண்ணீர் கண்டு உருளை மாட்டிய அன்று, முதல் வாளி மனுக்காரருக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு கையிலும் ஏந்தி நிதானமாகக் குடித்தார். நடுவில் நிறுத்தி, "லேசா உப்புக் கரிக்கே. இதுக்கு ஒண்ணு எழுதிப் போடணும்" என்றார்.

சிரிக்கிற ஊர்தான். ஆனால் அவர் குடித்து முடிக்கும்வரை ஒருத்தரும் கயிற்றைத் தொடவில்லை.