பிக்கப்பு அண்ணன் மலையேறிய கதை

“...அம்பு மாதிரி போகுதுங்க, சத்தியமா! போன வாரம் ஒண்ணும் ஆகலைன்னு சொன்னனில்லீங்க, அது வேற சாமான். இது வேறங்க!”

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த பிக்கப்பு அண்ணன் இப்படி ஆரம்பித்தால், அன்றைய சாயங்காலம் எனக்குக் கிடையாது. ஒரு சாமான் அவரை இரண்டு தடவை ஏமாற்றியதில்லை. ஒரு தடவையாவது அவரை ஏமாற்றாத சாமான் கோயமுத்தூரிலேயே இல்லை.

அவரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அதற்கு எப்படியாவது பிக்கப்பு கூட்டிவிட வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் தவம். போனில் ஏதாவது வீடியோ பார்ப்பார். மறுநாள் பார்சல் வந்து நிற்கும். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினார். டேஷ்போர்டில் செருகுகிற, நீல விளக்கு எரியும் ஒரு டப்பா வாங்கினார். யாரோ சொன்னார்கள் என்று டேங்கில் அந்துருண்டை போட்டார். ஒரு வாரத்துக்கு எங்கள் தெரு முழுக்கப் பட்டுச்சேலை பீரோ வாசனை.

மாட்டிய கையோடு சோதனை. எப்போதும் ஒரே மேம்பாலம், பக்கத்து சீட்டில் எப்போதும் நான். “நீங்க உக்காந்தாத்தான் வண்டிக்குப் பழக்கமுங்க” என்பார்.

அவரிடம் எனக்குப் பிடித்ததே சோதனைக்குப் பிறகு வரும் தீர்ப்புதான். வாங்கிய பொருளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் பேக்கரியில் டீ குடிக்கிற அத்தனை பேர் முன்னாலும் கூசாமல் சொல்லிவிடுவார்.

“டப்பா எப்படீங்கண்ணா?”

“வெளக்கு நல்லா எரியுதுங்க. அது ஒண்ணுதானுங்க அதோட வேலை.”

“புது சைலன்சரு?”

“சத்தம் அறுவதுல போகுதுங்க. வண்டி முப்பதுலதான் போகுது. காசைக் கரியாக்காதீங்க. டயர்ல காத்துப் புடிச்சு, பில்டரைத் தொடைச்சு வெச்சாலே போதும்.”

ஊரையே காப்பாற்றிவிட்டு, அன்று ராத்திரியே அடுத்த பார்சலுக்குச் சொல்லிவிடுவார்.

இதற்கெல்லாம் முடிவு கட்டப் பார்த்தவர் அவர் மனைவி சரசக்கா. மகளின் குழந்தைக்கு மருதமலையில் காதுகுத்து. “என்ற கார்லதான் சம்பந்தியம்மா வரோணும்” என்று அண்ணன் ஒரே பிடி. போன தடவை அதே மலையில் கார் ஏறாமல் அக்காவின் தம்பி குடும்பம் மொத்தமும் பாதியில் இறங்கி நடந்திருந்தது.

“சம்பந்தியம்மாவை நடக்க வெச்சீங்கன்னா, மறுநாளே காரை வித்துப்போடோணும்” என்றார் அக்கா.

“சரீங்க அம்மணி” என்றார் அண்ணன்.

காதுகுத்து அன்று மற்ற சொந்தமெல்லாம் வேனில் முன்னால் போய்விட்டது. காரில் அண்ணன், அக்கா, சம்பந்தியம்மா, நான் என்று நான்கே பேர். ஏசியை அணைத்து, ஸ்டெப்னியைக்கூட வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு அண்ணன் ஏற்றினார். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. கார் முனகிக்கொண்டே ஏறியது. அக்காவின் முகத்தில்கூட லேசாகச் சிரிப்பு.

மூன்றாம் வளைவில் ஒரு பெரியவர், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஓரமாகத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தார்.

“நிறுத்தாதீங்க! நிறுத்துனா ஏறாது!” என்று அக்கா கத்துவதற்குள் பிரேக் விழுந்துவிட்டது.

“ஏனுங்க பெரியவரே, மேலதானுங்களே? ஏறிக்கோங்க.”

பெரியவர் ஏறினார். கார் ஏறவில்லை. உறுமியது, கிளட்ச் தீய்ந்து நாறியது, அரையடி பின்னால்கூடப் போனது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். சம்பந்தியம்மா கதவைத் திறந்து இறங்கினார். பின்னாலேயே அக்காவும் நானும். மூன்று பேர் குறைந்ததும் கார் கிடுகிடுவென்று மேலே போய்விட்டது.

“நாளைக்கே விக்கறேன் பாருங்க” என்று அக்கா பொருமிக்கொண்டே நடந்தார்.

சம்பந்தியம்மா கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு மூச்சு வாங்க நின்றார். “எங்க ஊட்டுப் பெரிய காருல இந்த மலைக்கு எத்தனையோ தடவை வந்துருக்கறனுங்க. ரோட்டுல யாரு நடக்கறாங்கன்னு எங்க அவரு ஒரு நாளும் பாத்ததில்லீங்க. விக்காதீங்க.”

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வித்துப்போடறனுங்க.”

“யாரு விக்கச் சொன்னா?” என்றார் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு. “காரு இருக்கட்டும். போய்க் கொழந்தையத் தூக்குங்க.”

காதுகுத்து முடிந்து இறங்கும் நேரம். வேனில் இடமிருந்தும் சம்பந்தியம்மா காருக்கே வந்து உட்கார்ந்தார். நான் வேனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்; காரில் ஓர் இடம் மிச்சமாகட்டும், அதற்கு அண்ணனிடம் வேலை இருக்கும் என்று தெரியும். அண்ணன் காலியான என் சீட்டைப் பார்த்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்:

“ஏனுங்க, கீழ போறவங்க யாராச்சும் இருக்கீங்களா? எறக்கத்துல என்ற வண்டிக்கு நெம்ப நல்ல பிக்கப்புங்க!”