தங்க நுனிக்குப் பாலாபிஷேகம்

வேதியியல் படித்தவர்களுக்குக் கடவுள் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோதனைக்கு முந்தைய நாள் எங்களைப் போல் உருகிக் கும்பிடுகிறவர்கள் ஊரில் யாரும் இல்லை.

பட்டம் வாங்கிய கையோடு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கேட்டிருந்தேன். பேராசிரியை சாந்தி மேடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார். சர்க்கரை அளக்கும் சென்சார் ஒன்றை நானே செய்து, அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் இடம். ஓடாவிட்டால் சிங்கப்பூர் பிடோக் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டியூஷன் எடுக்கலாம்.

சென்சாரின் உயிர் பேனா அளவு குச்சி ஒன்று. அதன் நுனியில் கடுகளவு தங்கம். அதில் சர்க்கரை பட்டால் மின்சாரம் ஓடும். மெருகேற்றிய குச்சியைப் பத்திரமாக வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன் (லேபில் வைத்தால் தொலைந்துவிடுமாம். என்ன அறிவு!). அன்று ஆயுத பூஜை.

“தையல் மிஷினுக்கே பொட்டு வச்சாச்சு, உன் குச்சிய மட்டும் விடுவேனா?” என்றார் அம்மா.

“ஐயோ, பொட்டு வேணாம்மா, கெட்டுப்போயிடும்!”

“சரி லா. ரெண்டு சொட்டுப் பால் மட்டும் விடுறேன்.”

பால்தானே, கழுவினால் போய்விடும் என்று தலையாட்டினேன் (பேசுவது வேதியியல் பட்டதாரி!). உள்ளுக்குள் எனக்கும் அந்த அபிஷேகம் தேவைப்பட்டது. பிறகு கழுவித் துடைத்தேன். தங்கம் பளபளத்தது.

மறுநாள் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சர்க்கரைக் கரைசலை விட்டேன். திரையில் எழும்ப வேண்டிய கோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. இன்னும் விட்டேன். ஊஹூம். பாயசம் வைக்கும் அளவுக்குச் சர்க்கரை கொட்டியும் அது அசையவில்லை.

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். “நேத்து ஆயுத பூஜைதானே? பாலா, தயிரா?”

“பால், மேடம்,” என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பால்ல இருக்கிற புரதம் தங்கத்து மேல அப்பிக்கிச்சு. கண்ணுக்கும் தெரியாது, தண்ணிக்கும் போகாது. அப்புறம் சர்க்கரை எங்க போய்த் தங்கத்தத் தொடும்? ரத்தத்துல வச்சாலும் இதே ரோதனைதான், அங்கயும் புரதம் இருக்குல்ல? போ, மறுபடி மெருகு போட்டுக் கொண்டா.”

மெருகு போட்டு ஓட்டினேன். கோடு ஜம்மென்று எழும்பியது. அப்பாடா!

“புரதம் ஒட்டாம இருக்க வழி கண்டுபிடி. அதான் உன் ஆராய்ச்சி,” என்றார் மேடம். அவர் காலில் விழாத குறைதான்.

இன்று என் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் இருக்கிறது. வீட்டில் அதை யார் மதிக்கிறார்கள்? போன வாரம்கூட, லிட்டில் இந்தியா பூக்கடையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“எம்பொண்ணு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி என்ன கண்டுபிடிச்சா தெரியுமா? நான் விட்ட ரெண்டு சொட்டுப் பால எப்படிக் கழுவுறதுன்னு!”