பாக்கெட் இல்லாத கருணை

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் உங்கள் நண்பரிடம் நான் சொல்லாதவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். "சார், நீங்கள் கண்டுபிடித்ததற்குப் பெயர் கருணை இல்லை" என்று சொல்லவில்லை. "ஆறு மாதம் உட்கார்ந்து பெண்களின் உடுப்பை அளந்துவிட்டு, மனதை அளந்ததாகச் சொல்கிறீர்களே" என்று சொல்லவில்லை. "ஹாஸ்டலில் உங்களோடு ஒரே அறையில் என் மாமா எப்படித்தான் தாக்குப்பிடித்தாரோ" என்பதையும் சொல்லவில்லை. அரங்கம் நிறைய ஆட்கள், என் கையில் மைக், பக்கத்தில் உங்கள் அருமை நண்பர் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். நான் சொன்னது "நன்றி". எதற்கு நன்றி என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

மறுநாளே நீங்கள் ஃபோனில் கூப்பிட்டு, "ஏன்டி ஊமைக்கோட்டான், அவன் உன்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பெருமைப்படுத்துறான், நீ என்னடான்னா பல்வலிக்காரி மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இறங்கி வந்தியாமே? சிபாரிசுக் கடுதாசி வேணுமா, வேண்டாமா உனக்கு?" என்று கேட்டீர்கள். வேண்டும் மாமா. மேல்படிப்பு உதவித்தொகைக்கு நான் போட்டிருக்கும் விண்ணப்பம் அவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஃபோனில் விளக்கினால் பாதியில் உங்கள் ஹாஸ்டல் கதை தொடங்கிவிடும், அதனால் எழுதுகிறேன்.

நான் ஆய்வு உதவியாளராக இருக்கும் உங்கள் நண்பரின் துறை பரிசோதனைப் பொருளாதாரம். அதாவது ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, கையில் கொஞ்சம் காசு கொடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. பிள்ளை வளர்க்கிறவர்கள் எல்லோரும் சும்மா செய்கிற காரியம்தான், இங்கே அதற்குச் சம்பளம் உண்டு. ஆணும் பெண்ணும் தர்மம் செய்வதில் என்ன வித்தியாசம் என்பது இந்த வருடத்துக் கேள்வி. வருகிறவருக்கு ஒரு கைப்பிடி சில்லறை கொடுப்போம், தடுப்புக்குள் குழந்தைகள் மருத்துவமனைக்கான பெட்டி ஒன்று இருக்கும், விரும்பியதைப் போடலாம், மீதி அவருக்கே. எளிமையான ஏற்பாடு. இதைக் கெடுக்க நான்கு பேராசிரியர்கள் கூடி ஒரு மாதம் பேசினார்கள், நான்கு பேரும் ஆண்கள். சில்லறையை உறையில் போட்டுக் கொடுக்கலாமே என்றேன். உறை சரசரக்கும், அடுத்த தடுப்பில் இருப்பவர் ஊகித்துவிடுவார் என்று தள்ளுபடி செய்தார்கள். கைப்பை கவனத்தைச் சிதறடிக்கும், அதனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். மேஜைமேல் எதுவும் இருக்கக் கூடாது. பெட்டியில் காசு விழும் சத்தம் கேட்கக் கூடாது, அடியில் ஸ்பாஞ்ச். முடிவெடுத்த பிறகு எல்லோரும் கணினியில் இரண்டு பக்கம் கேள்விகளுக்குப் பதில் தட்டச்சு செய்ய வேண்டும். நான் கையைத் தூக்கி, "சார், மிச்சக் காசை அதுவரைக்கும் எங்க வச்சுக்குவாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கம்மா. நீ போய் ஸ்பாஞ்ச் வாங்கிட்டு வா," என்றார் உங்கள் நண்பர். வாங்கி வந்தேன்.

ஆண்கள் வந்தார்கள், சில்லறையை வாங்கினார்கள், யோசித்தார்கள், கொஞ்சத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு மீதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தட்டச்சு செய்தார்கள். பெண்கள் வந்தார்கள். அவர்கள் உடுப்பில் முக்கால்வாசிக்குப் பாக்கெட்டே கிடையாது. மீதிக்கு இருந்தது அழகுக்காகத் தைத்த பாக்கெட், அதில் காசு என்ன, விரல் நுனிகூட நுழையாது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, கையை மூடிக்கொண்டு என்னைச் சாடையாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை எங்க வைக்கறது?"

"மேஜைமேல வைக்கக் கூடாதுங்க."

"சரி, கையில வச்சுக்கிட்டு எப்படி டைப் அடிக்கறது?"

"அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுங்க."

"என் பையை எடுத்துட்டு வரட்டா?"

"எழுந்திருக்கக் கூடாதுங்க."

"அப்ப இந்தப் பொட்டில போட்டுத் தொலைக்கட்டா?"

"அதுக்கும் பதில் சொல்லக் கூடாதுங்க."

"நல்ல உத்தியோகம்டி உனக்கு," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கையிலிருந்த சில்லறை முழுவதையும் அப்படியே பெட்டியில் கவிழ்த்தார். ஸ்பாஞ்ச் நல்ல தரம், சத்தமே வரவில்லை. பிறகு கணினி அவரிடம், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டது. கருணை, கடமை, சமூகப் பொறுப்பு என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தோம். வைக்க இடமில்லை என்ற விடை இல்லை. முதலில் இருந்ததைத் தட்டிவிட்டு எழுந்து போனார். இப்படியே ஒருவர் பின் ஒருவராகக் கருணை பெருக்கெடுத்தது.

இதில் இரண்டு பேர் வந்து உண்மையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், மாமா. ஒருவர் மைதானத்தில் ஓடிவிட்டு வியர்வையோடு நேராக வந்த இளைஞர், பாக்கெட் இல்லாத அரைக்கால் சட்டை. அவர் மொத்தத்தையும் பெட்டியில் போட்டார். "இது விதிவிலக்கு, எடுத்துடு," என்றார் உங்கள் நண்பர். இன்னொருவர் எங்கள் கட்டடத்துக்குத் தபால் கொண்டுவரும் அக்கா, சீருடைக் கால்சட்டையில் நாலு பாக்கெட். ஒரு காசுகூடப் போடாமல் நாலிலும் பங்கிட்டுக்கொண்டு, விசிலடிக்காத குறையாகப் போனார். "இந்தப் பொம்பளை கொஞ்சம் வேற மாதிரி. இதையும் எடுத்துடு," என்றார். "சார், பாக்கெட்..." என்று தொடங்கினேன். "பாக்கெட் மணி பத்தின கேள்வி அடுத்த ஆய்வுலம்மா," என்றார். படித்த மனிதரின் காதுக்குள் நாம் ஒரு சொல் போட்டால் அது வெளியே வரும்போது அவருடைய ஆய்வுத் தலைப்பாகிவிடுகிறது.

அன்றைய கூட்டத்தில் அவர் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெண் என்பவள் நதியாம், ஆண் என்பவன் அணையாம். திரையில் ஒரு தாமரைப்பூ படம் வேறு. கைதட்டல் அடங்குவதற்குள் எங்கள் நிறுவனத்தின் நிதி அதிகாரி எழுந்துவிட்டார். "சார் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நம்ம லேடீஸ் ஸ்டாஃப் மனசு அப்படிப்பட்டது. அவங்ககிட்ட போய்க் கேட்டா சங்கடப்படுவாங்க. அதனால கேக்காமலே மாசாமாசம் சம்பளத்துல நன்கொடை பிடிச்சுக்கலாம்னு இருக்கேன். வேண்டாம்கறவங்க என் ரூமுக்கு நேர்ல வந்து எழுதிக் குடுக்கலாம்."

"அப்ப ஆம்பளைங்களுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவங்களுக்கு இயல்பிலேயே வராதுன்னு சார் நிரூபிச்சிட்டாரே. இயற்கைக்கு விரோதமா நாம போக வேண்டாம்."

எனக்குப் பக்கத்தில் நூலகத்து அக்கா உட்கார்ந்திருந்தார். "என் பொண்ணு டியூஷனுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், அது இனிமே கருணையில போயிடும். அந்தாளு ரூமுக்குள்ள போய், எனக்குக் கருணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வர முடியுமா?" என்று என் காதில் முணுமுணுத்தார். அந்த நிமிடம்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் அள்ளிப் போட்டதற்கு என்ன காரணம் என்று அந்த அரங்கத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். போய் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த முகத்தைத்தான் உங்கள் நண்பர் பல்வலி என்று எடுத்துக்கொண்டார். அவருடைய கணிப்புகள் எல்லாமே ஏறக்குறைய அந்த ரகம்தான். மாதக்கணக்கில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவளைப் படிக்கத் தெரியாதவர், உலகத்துப் பெண்களை எல்லாம் இரண்டு பக்கத்தில் படித்து முடித்துவிட்டார்.

ஆகவே மாமா, முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். அவருடைய எந்தக் கட்டுரையிலும் என் பெயர் வரக் கூடாது. அவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதத்தைக் காலில் விழுந்து கொடுத்தாலும் வாங்க மாட்டேன். உதவித்தொகை போனால் போகட்டும். நீங்கள் நடுவில் புகுந்து "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா" என்று சமாதானம் செய்ய வேண்டாம். தெரிந்துதான் பேசப் போகிறேன்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் சொல்லவும். குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், பாக்கெட் உள்ள உடுப்போடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து மாதக்கணக்கில் மேஜைக்குள்ளேயே வைத்துவிட்டேன், இப்போதுதான் அனுப்புகிறேன். திங்கட்கிழமை போனேன், எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "அடடே! இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டுவிட்டு, மறுவாரமே புது ஆட்களை வரவழைத்து, ஆண் பெண் எல்லோருக்கும் சமையல்காரர்கள் கட்டுகிற மாதிரி இரண்டு பெரிய பாக்கெட் வைத்த ஏப்ரன் மாட்டிவிட்டு, முழுப் பரிசோதனையையும் திரும்ப நடத்தினார். ஆண்கள் எவ்வளவு போட்டார்களோ அவ்வளவுதான் பெண்களும் போட்டார்கள். அன்று மாலை முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஓடி வந்தார். "கண்டுபிடிச்சுட்டேம்மா! ஏப்ரன் போட்டதும் பொண்ணுக்கு அடுப்பு ஞாபகம் வருது, அடுப்பைத் தொட்டுக் குடும்பம் ஞாபகம் வருது, உடனே வீட்டுக்குன்னு எடுத்து வச்சுக்கறா!"

"சார், ஆம்பளைங்களும்தானே ஏப்ரன் போட்டாங்க?"

"அவங்களுக்கு ஒரு ஞாபகமும் வரல பாரு. அதுதாம்மா கட்டுரையே. உன் பேரும் போட்டிருக்கேன்," என்று சொல்லி, சிபாரிசுக் கடிதத்தையும் கையோடு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. கட்டுரை போன வாரம் வெளிவந்தது, என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. நிதி அதிகாரி அதைப் படித்துவிட்டு, ஏப்ரன் அணியும் பெண்களுக்கு மட்டும் சம்பளப் பிடித்தம் கிடையாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். நூலகத்து அக்கா, தட்டச்சுப் பிரிவு, வரவேற்பறை என்று எங்கள் அலுவலகத்துப் பெண்கள் எல்லோரும் இப்போது ஏப்ரன் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார்கள்.